சாமிக்குச் சொன்ன முடி

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள்தான் போடியில் ஏலக்காய் மணக்கிறது என்பார்கள். எங்கள் மூக்குக்கு அது எப்போதோ மரத்துப்போய்விட்டது. என் மூக்குக்கு இன்னும் மோசம். பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து, ஜீப் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் என் பார்லர் ஷட்டரைத் தூக்கினால், முந்தின நாள் கலந்த ப்ளீச்சின் காரம்தான் முதலில் வரவேற்கும். முடிக்கு நிறம் எடுப்பதும் ஏற்றுவதும் என் பிழைப்பு. ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் இதற்கு முகம் சுளித்தார்கள். இப்போது சுளித்த முகங்களுக்கெல்லாம் மாதம் ஒருமுறை ஓசியில் ஃபேஷியல் நடக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு நாள், மலையிலிருந்து இறங்கிய ஜீப்பிலிருந்து ஓர் அக்கா நேராக என் கடைக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. தலையில் சுற்றிய துண்டை அவிழ்க்கவில்லை. சேலை முந்தியில் முடிந்திருந்ததைத்தான் முதலில் அவிழ்த்தார். உள்ளே நாலைந்து ஏலக்காய். பச்சையாக இல்லை. பழுத்து வெளுத்து, வைக்கோலும் தேனும் கலந்த நிறத்தில் இருந்தன.

"ஆத்தா, இந்தக் கலரு முடிக்கு வருமா?"

நான் சிரித்துவிட்டேன். பத்திரிகையிலிருந்து கிழித்த படம், போனில் பிடித்த படம் என்று கொண்டுவருவார்கள். ஏலக்காய் கொண்டுவந்து காட்டியது இவர் ஒருவர்தான். அதுவும் இந்த நிறம்! நல்ல பச்சைக்குத்தான் ஏலத்தில் மதிப்பு என்பது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"காய்ல இந்த நிறம் வந்தா ஒதுக்கித் தள்ளுவீங்கள்ல அக்கா?"

"ஆமா. தோட்டத்து ஸ்டோர்ல உக்காந்து இதைப் பொறுக்கித் தள்ளுறதுதான் என் சோலியே. பாத்துப் பாத்து கண்ணு அதுலயே நின்னுபோச்சு. அழகாத்தான் இருக்கு. வெலைதான் இல்ல."

பிறகுதான் துண்டை அவிழ்த்தார். நான் சிரிப்பதை நிறுத்தினேன். இடுப்புக்குக் கீழே வரை முடி. சாயம் என்றால் என்னவென்றே தெரியாத, கனமான கருமுடி. இதைக் கொண்டைபோட்டு, துணி சுற்றி, ஏலச்செடிக்குள்ளும் ஸ்டோருக்குள்ளும் இத்தனை வருடம் ஒளித்துவைத்திருக்கிறார் மனுஷி.

"இவ்வளவு நல்ல முடிக்கு எதுக்குக்கா ப்ளீச்சு?" என்று கேட்டேன். வந்த வாடிக்கையை விரட்டுகிற கேள்விதான். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"இருக்கப்போறதில்ல ஆத்தா. தைப்பூசத்துக்குப் பழனில மொட்டை."

அவர் வீட்டுக்காரர் தோட்டத்து ஜீப் ஓட்டுகிறவர். மழைக்காலத்தில் போடிமெட்டுப் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், ஜீப் வழுக்கிப் பாதையை விட்டு இறங்கிவிட்டது. கீழே பள்ளம். நடுவில் ஒரே ஒரு மரம். அந்த மரம் தாங்கிக்கொண்டது. ஜீப்புக்கு முகம் நசுங்கியது, ஓட்டிய அண்ணனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. சேதி கேட்ட இடத்திலேயே அக்கா முருகனுக்கு முடியை நேர்ந்துகொண்டார்.

"பொம்பளைக்குப் பூமுடி குடுத்தாப் போதும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆளை முழுசாத் திருப்பிக் குடுத்த சாமிக்கு மூணு கத்தை முடியக் குடுத்தா நல்லாவா இருக்கு? முழு மொட்டைன்னு சொல்லிட்டேன். எப்படியும் போகப்போற முடி. போறதுக்கு முன்னாடி ஒரு கூத்து பாத்துருவோம்னுதான்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. ஒரு முடி பிய்யக் கூடாது. சாமிக்குச் சொன்னது. பிஞ்சுபோனதைக் கொண்டுபோய்க் குடுக்க முடியாது."

கல்யாணப் பெண்கள் என்னை மிரட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அதைவிட மிரட்டியிருக்கிறார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், முடிக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், அவரும் கையில் வேலோடு நிற்பவர் என்ற நிலைமை எனக்கு வந்ததில்லை. எழுந்து போங்கள் அக்கா என்று சொல்லத்தான் நினைத்தேன். அந்த ஏலக்காய் மேசைமேல் கிடந்து என்னைச் சீண்டியது. அந்த நிறத்தை அந்த முடியில் பார்க்க எனக்கே ஆசை வந்துவிட்டது.

ப்ளீச் என்ன செய்யும் என்பதை அவருக்குப் புரியும்படி சொன்னேன். முடிக்குள்ளே நீளவாக்கில் இழைகள் ஓடுகின்றன. இழைக்கும் இழைக்கும் குறுக்கே கந்தகக் கட்டுகள் இருக்கின்றன. முடிக்குப் பலமே அந்தக் கட்டுதான். ப்ளீச் மேல்செதிலைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கறுப்பைத் தின்னும். கறுப்பை மட்டும் தின்றுவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வராது. போகிற வழியில் இந்தக் கட்டுகளையும் அறுக்கும்.

"தேவாரம் ஊர்ப் பக்கம் தோட்டத்துல யானை வருதுல்ல அக்கா? அது வாழையைத் தின்னத்தான் வருது. வேலி மேல அதுக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா வேலி மிதிபட்டுப் போகுது."

"சரி."

"ப்ளீச்சோட சேத்து இன்னொரு மருந்து கலப்பேன். அது யானைக்குப் பின்னாடியே போயி, அறுந்த வேலியைக் கட்டிக்கிட்டே போற ஆளு மாதிரி."

அக்கா யோசித்தார். "அந்த ஆளை யானை மிதிச்சுட்டா?"

மதுரையில் எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாவிடம் நானும் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறேன். "இந்த மருந்து சாகப்போற முடியப் பிழைக்க வைக்காது. பிழைக்கிற முடியச் சாகாமப் பாத்துக்கும்" என்றார். அறுந்த கந்தக முனைகளைப் பிடித்து மறுபடி இணைக்கிறது என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. அதெல்லாம் இல்லை, ப்ளீச்சின் வேகத்தைக் குறைத்து, முடியில் இருக்கும் உலோகத்தைப் பிடித்துவைப்பதால்தான் சேதம் குறைகிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும். அது போட்டுச் செய்த முடியும் போடாமல் செய்த முடியும் ஈரத்தில் கைக்கு வேறு வேறாகத் தெரியும். என் கைக்கு அது போதும்.

முதலில் பின்கழுத்துக்கு மேலே, வெளியே தெரியாத இடத்தில் ஒரு சிறு கற்றையை வெட்டிச் சோதனை போட்டேன். ஃபாயிலுக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில் அது தொடமுடியாதபடி சுட்டது. கழுவி இழுத்தால் சவ்வுமிட்டாய் மாதிரி நீண்டு, பொட்டென்று போனது. எனக்கு உடனே சந்தேகம் தண்ணீர்மேல்தான் போனது.

"உங்க லயத்து வீடுகள்ல தண்ணி எப்படிக்கா?"

"எங்க வெள்ளமா? செவப்பா வரும். வேட்டிய ஊறப்போட்டா காவி வேட்டியாயிரும்." மலைக்காரர்கள் தண்ணீரை மலையாளத்தில் வெள்ளம் என்றே சொல்வார்கள்.

அதுதான் விஷயம். இரும்புத் தண்ணீரில் வருடக்கணக்காக அலசிய முடி. உள்ளே இரும்பு இருந்தால் ப்ளீச் அதோடு சேர்ந்து கொதித்துவிடும். அப்போது வேலி கட்டுகிற ஆள் ஒன்றும் செய்ய முடியாது. உலோகத்தை இழுத்தெடுக்கும் ஷாம்பூ ஒரு பாட்டில் கொடுத்து, வாரம் ஒருமுறை இதைப் போடுங்கள், மழைத்தண்ணி பிடித்து அதில் அலசுங்கள், கார்த்திகையில் வாருங்கள் என்றேன்.

அறுந்துபோன சோதனைக் கற்றையைக் குப்பையில் போடப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டா இங்க. சாமியோடது." துண்டுகளைப் பொறுக்கி ஏலக்காயோடு சேர்த்து முந்தியில் முடிந்துகொண்டார். சீப்பில் இருந்ததையும் விடவில்லை.

கார்த்திகையில் வந்தார். துண்டை அவிழ்த்தார். தேங்காய் நார் தேவலாம். முடி உப்பி, ஒன்றோடொன்று பின்னி, விரல் விட்டால் பாதியிலேயே நின்றது. நனைத்தால் வழவழவென்று கொழகொழத்தது.

"என்னக்கா பண்ணினீங்க?"

"நீ குடுத்த பாட்டில் காலியாயிருச்சு ஆத்தா. லயத்துல ஆளாளுக்கு ஒரு தடவை போட்டுப் பாத்தாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அதான் ஸ்டோர்ல காய் முக்குற சோடாத் தண்ணியில அலசினேன்."

பறித்த ஏலக்காயைக் காயவைப்பதற்கு முன் சில ஸ்டோர்களில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார்கள். பச்சை நிறம் வெளுக்காமல் நிற்கும். காயைக் காப்பாற்றுகிற தண்ணீர் முடியையும் காப்பாற்றும் என்று அக்கா நினைத்திருக்கிறார். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பெண்ணுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. சோடா காரம். முடியின் செதிலை ஒரேயடியாகத் திறந்துபோட்டுவிடும். ஒரு முறை அல்ல, பல முறை செய்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிடும். "முடியா அது, ஏலக்காயா? காய வச்சு மூட்டையும் கட்டிரலாமே!" என்று கத்தினேன். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வெளியே ஜீப்பில் காத்திருந்த அக்காவின் வீட்டுக்காரர் இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்ன தங்கச்சி, நான் ஜீப்போட உருண்டப்பகூட யாரும் இம்புட்டுக் கத்தலியே."

"நீங்க உருண்டதுனாலதான் அண்ணே இவ்வளவும்."

"நான் அப்பவே சொன்னேன். மொட்டை போடப்போற தலைக்கு எதுக்குப் பவுசு? கலரடிச்ச கோழிக்குஞ்சு மாதிரி இருக்கப்போறா." சொல்லிவிட்டு மறுபடி ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு கண்ணாடியில் தன் முடியையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சாமிக்குக் கெட்டுப்போனதைக் குடுக்க வேண்டியதாயிருமா ஆத்தா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு கோபத்தை எங்கே வைப்பது? ப்ளீச்சை மறந்துவிடுங்கள், முதலில் முடியைத் தேற்றுவோம் என்றேன். திறந்த செதில் படிய வினிகர் கலந்த தண்ணீரில் அலசினேன். ஈரத்தை ஒற்றியெடுத்து, கட்டுகளைத் தேற்றும் க்ரீமை இழை இழையாகத் தடவி ஊறவைத்தேன். எண்ணெயோ கண்டிஷனரோ முடிக்கு மேலே பளபளப்பு பூசுகிறவை. இது மேலே ஒன்றும் காட்டாது. தடவிய அன்றைக்கு அழகும் கூடாது. உள்ளே நடப்பதைக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். வாரா வாரம் அக்கா இறங்கி வந்தார். ஷாம்பூ இனி என் கடையில்தான், பாட்டில் மலையேறாது என்று சட்டம் போட்டேன். உதிர்ந்த ஒவ்வொரு முடியையும் அவர் ஒரு துணிப்பையில் சேர்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பை நாளுக்கு நாள் பெருக்காமல் இருந்ததுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

மார்கழியில் ஒரு நாள் ஈர முடி ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து இழுத்தேன். கொஞ்சம் நீண்டது. விட்டதும் சுருங்கிப் பழைய இடத்துக்குப் போனது. இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். அறுந்துபோனால் கட்டு இல்லை, நீண்டு அப்படியே நின்றுவிட்டாலும் கட்டு இல்லை. திரும்பிப் போக வேண்டும். மறுபடியும் ஒரு சிறு கற்றையில் சோதனை போட்டேன். சுடவில்லை. கழுவி உலர்த்தினால் மேசைமேல் அந்த ஏலக்காய் நிறம். அந்தக் கற்றையைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டலாம் என்று ஒரு பெருமை.

பெரிய வேலை பொங்கலுக்கு முன்பு நடந்தது. நீல ப்ளீச் பொடியில் வீரியம் குறைந்த டெவலப்பர் திரவத்தைக் கலந்து, கடைசியில் வேலி கட்டும் அந்த மருந்தை அளந்து விட்டேன். பயத்தில் அதிகம் ஊற்றினால் நிறம் வெளுக்காமல் நின்றுவிடும், அதனால் அளவு தப்பக் கூடாது. நடுமுடியிலிருந்து ஆரம்பித்து நுனிக்குப் போய், வேர்ப்பக்கம் கடைசியில் வந்தேன். தலைச்சூட்டில் வேர் வெரசாக வெளுத்துவிடும். கறுப்பு முதலில் செங்கல் நிறத்துக்கு வந்தது, பிறகு ஆரஞ்சு, பிறகு மெல்லத் தேன் நிறம். இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் வெளுக்கும் என்று ஒவ்வொரு முறையும் ஆசை வரும். அந்த ஆசையில்தான் நிறையத் தலைகள் கெடுகின்றன. அக்கா மறுபடி கொண்டுவந்திருந்த ஏலக்காயைப் பார்த்தேன், முடியைப் பார்த்தேன், போதும் என்று அலசிவிட்டேன். நிறத்தைச் சமன்செய்ய டோனர் போட்டு அலசி, அதன்பின் கட்டுகளைத் தேற்றும் அந்த க்ரீமை மறுபடி தடவி உட்காரவைத்தேன். கிண்ணத்தில் விழுந்த முடியை அக்கா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதிகம் இல்லை.

உலர்த்தி முடித்ததும் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். அக்கா முடியை முன்னால் எடுத்துப் போட்டு, ஸ்டோரில் காய் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் எதற்கு என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பப் போய்விட்டார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அக்கா மறுபடி வந்தார். தலையில் துண்டு இல்லை. நீளமாகப் பின்னித் தொங்கவிட்டிருந்தார். லயத்துக் குழந்தைகள் பின்னாலேயே வருவதையும், கணக்குப்பிள்ளை பேச்சை மறந்து நின்றதையும் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"ஏன் ஆத்தா, பூமுடி குடுத்தாப் போதும்னு சொன்னாங்கள்ல?"

எனக்கு ஆம் என்று சொல்லத்தான் ஆசை. என் கையால் செய்ததில் அது முதல் தரம். அதைச் சவரக்கத்திக்குக் கொடுக்க எனக்குத்தான் முதலில் மனசில்லை. "சாமி கோவிச்சுக்க மாட்டாருக்கா. முருகன் அவ்வளவு கணக்கு பாக்கமாட்டாரு" என்றேன், முருகன் என்னிடம் வந்து சொன்னதுபோல.

அக்கா பின்னலை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நேந்துக்கிட்டப்போ இது எனக்குப் பெரிசில்ல ஆத்தா. துணியச் சுத்தி மறைக்கிற முடி. சோலிக்கு இடைஞ்சல். அதைத் தூக்கிக் குடுக்கிறதுல எனக்கு என்ன நட்டம்? இப்பத்தான் குடுக்க மனசு வரல." பின்னலை முதுகுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப இப்பக் குடுத்தாத்தான் அது காணிக்கை."

போகிறபோது கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த கற்றையைக் காட்டி, "அதையும் கொண்டா" என்றார். என் பெருமையும் துணிப்பைக்குள் போனது.

பழனியிலிருந்து திரும்பும் வழியிலேயே என் கடைக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் தலையில் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டிருந்தது.

"மொட்டை போடுற அண்ணன்கிட்ட, எடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா இழுத்துப் பாருங்கண்ணேன்னு சொன்னேன். பைத்தியம்னு நெனச்சாரு. விடல நான். ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தாரு. ஒண்ணு பிய்யல ஆத்தா! என்னம்மா போடுறீங்க தலைக்குன்னு கேட்டாரு. போடில ஒரு கோவக்காரி இருக்கா, அவளைத்தான் கேக்கணும்னேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைப்பத்தை எடுத்து, பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கினேன். நாற்காலிச் சக்கரத்தில் ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தால் ஒற்றை முடி. நீளமாக, பழுத்த ஏலக்காய் நிறத்தில். பழக்கதோஷம், இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். நீண்டது. விட்டதும் சுருங்கித் திரும்பிப் போனது.

"அய்யோ, ஒண்ணு தப்பிருச்சே!" என்று அக்கா பதறினார். "சாமியோடது ஆத்தா அது!"

அதுவரை வாசலில் நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்தார். என் கையிலிருந்து அந்த முடியை வாங்கி, விரலில் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "சொல்ல வாய் வரல."

"இப்பச் சொல்றாரு பாரு, மொட்டை போட்ட பெறகு!" என்று அக்கா கத்தினார். ஆனால் குரலில் கோபமே இல்லை. "குடுங்க இப்படி. சாமியோடது."

"சாமிகிட்டத்தான வைக்கப் போறேன்." அண்ணன் போய் ஜீப்பில் ஏறி, முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் அந்த முடியைப் பத்திரமாகச் செருகினார். அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை மொட்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஜீப் கிளம்பியது. "மெட்டு வளைவுல மெதுவாப் போங்கண்ணே!" என்று சந்து முனைவரை ஓடிக் கத்தினேன்.

அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "மெதுவாத்தான் போகணும் தங்கச்சி. இன்னொரு தடவை நேந்துக்க இவ தலையில முடி இல்ல."